நீ யார் என்று சோதனை கேட்கும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)

 

பரிசளிப்பு விழாவில் இரண்டு வகைப் பிள்ளைகள் உண்டு. பெயர் கூப்பிட்டதும் மேடைக்கு வருகிற பிள்ளைகள் ஒரு வகை. கீழே உட்கார்ந்து கைதட்டுகிற பிள்ளைகள் இன்னொரு வகை. மேடைக்கு வந்த செல்வங்களை மனமார வாழ்த்துகிறேன். ஆனால் இன்றைக்கு நான் முக்கியமாகப் பேச விரும்புவது கைதட்டிய பிள்ளைகளிடம். ஏனென்றால் எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். அவர்களிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை.

நான் கிறிஸ்தவன். எனக்குத் தெரிந்த வேதத்திலிருந்துதான் என்னால் பேச முடியும். இந்த மண்டபத்தில் பெரும்பாலோர் முருகனையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். யாரையும் மதம் மாற்ற நான் வரவில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்கிறவர்கள் நாம். அடுத்த வீட்டுத் தட்டு வந்திருக்கிறது என்று நினைத்து இதையும் ருசி பாருங்கள்.

சோதனை என்ற சொல்லுக்கு நம் நாட்டில் இரண்டு பொருள் உண்டு. பள்ளிக்கூடத்தில் வைக்கிற பரீட்சையும் சோதனைதான். வாழ்க்கையில் வருகிற துன்பமும் சோதனைதான். "மகனுக்கு அடுத்த வாரம் சோதனை" என்றும் சொல்கிறோம். "கடவுள் ரொம்பச் சோதிக்கிறாரு" என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: நீ யார்?

ஆறாம் ஆண்டு பிள்ளைகளுக்கு இருந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் "உன் பிள்ளை எத்தனை புள்ளி?" என்ற கேள்வி நின்றதா? நிற்கவில்லை. கல்யாண வீட்டிலே கேட்கிறார்கள். கோவில் திருவிழாவிலே கேட்கிறார்கள். புகுமுக வகுப்புக்குப் போன பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதிலே, தான் யார் என்பதை ஒரு தாளில் எழுதிய எண்தான் சொல்லிவிட்டது என்று அது நம்பத் தொடங்குகிறது.

பெரியவர்கள் கதை மட்டும் வேறா? இந்த ஸ்கூடாய் வட்டாரத்தைப் பாருங்கள். ரப்பர் நிரையும் செம்பனையும் இருந்த இடங்களில் இன்று தாமான்களும் கடைவீதிகளும் நிற்கின்றன. தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே இங்கே இருக்கிறது. வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் "நான் இந்தத் தோட்டத்து ஆளு" என்று இரண்டு தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்த குடும்பம், லயம் இடிந்து, தோட்டம் கைமாறிய பிறகு என்ன சொல்லும்? விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற அப்பாவை, அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட எத்தனை பேர் இருக்கிறார்கள்? நீ யார் என்ற கேள்வி பிள்ளைக்கு மட்டுமல்ல ஐயா, நமக்கும்தான்.

இதற்கு விவிலியம் சொல்லும் பதிலைப் பாருங்கள்.

இயேசு பெருமான் முப்பது வயதளவில் யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெறுகிறார். நாசரேத்தூர்த் தச்சர் அவர். அதுவரை அவர் ஒரு பிரசங்கம் செய்ததாகவோ ஒரு நோயாளியைக் குணமாக்கியதாகவோ மத்தேயு எழுதவில்லை. பெரிதாக ஒன்றும் செய்யாத அந்த வேளையில்தான் வானத்திலிருந்து ஒரு குரல், இவர் என் அன்பு மகன், இவரில் எனக்கு மகிழ்ச்சி என்று அறிவிக்கிறது. அதற்குப் பிறகுதான் வனாந்தரம். நாற்பது நாள் பட்டினி. பின்பு சோதனைக்காரன் வருகிறான்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பெயர், பிறகு சோதனை. நாமோ தலைகீழாக வைத்திருக்கிறோம். முதலில் சோதனை எழுது, நல்ல புள்ளி வாங்கு, அப்புறம் நீ என் பிள்ளை! கடவுள் அப்படிச் செய்யவில்லை.

சோதனைக்காரன் எந்த இடத்தில் கையை வைத்தான் தெரியுமா? அந்தப் பெயரிலேதான் வைத்தான். நீ கடவுளின் மகன் என்றால் இந்தக் கல்லை அப்பமாக்கிக் காட்டு. கோபுரத்திலிருந்து குதித்துக் காட்டு என்றான். நிரூபி, நிரூபி என்பதுதான் அவன் பாட்டு. இயேசு நிரூபிக்கப் போகவில்லை. ஏற்கெனவே கொடுக்கப்பட்டதை எதற்கு நிரூபிக்க வேண்டும்? மோசேயின் உபாகமத்திலிருந்து வசனம் சொல்லி அவனை அனுப்பிவிட்டார்.

இன்னொன்றையும் பாருங்கள். தன் பசிக்காகக் கல்லை அப்பமாக்க மறுத்த அதே இயேசு, பின்னொரு நாள் ஐயாயிரம் பேர் பசித்திருந்தபோது அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். சக்தி அதே சக்திதான். ஆனால் அது யாருக்காக என்பது வனாந்தரத்திலேயே தீர்மானமாகிவிட்டது. ஆகவே, நான் யார் என்பதைச் சோதனை உண்டாக்குவதில்லை. என்னிடம் உள்ளது யாருக்காக என்பதைத்தான் அது வெளியே கொண்டுவருகிறது.

இது பால் மரம் வெட்டிய கைகளுக்கு நன்றாகப் புரியும். கத்தி பாலை உண்டாக்குகிறதா? இல்லை. பால் பட்டைக்குள்ளே முன்பே இருக்கிறது. கத்தி வழி திறக்கிறது, மங்கு நிறைகிறது. ஆனால் அளவு வேண்டும். பட்டையைத் தாண்டிக் கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு, அந்த இடம் முண்டு முண்டாகிப்போகும். 1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த ரிட்லி என்ற ஆங்கிலேயர், மரத்தைச் சாகடிக்காமல் மெல்லியதாகப் பட்டை சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அந்த அளவு தெரிந்த பிறகுதான் ஒரே மரம் பல ஆண்டு பால் கொடுத்தது.

இதனாலேதான் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாத் துன்பத்தையும் கடவுள் தலையில் போடாதீர்கள். தீமை செய்யும்படி கடவுள் யாரையும் தூண்டுவதில்லை என்று யாக்கோபு தன் நிருபத்தில் எழுதியிருக்கிறார். கூலியைப் பிடித்துவைத்துக்கொள்வது முதலாளியின் அநியாயம். கடவுளின் சோதனை அல்ல. அப்பா குடித்துவிட்டு வந்து பிள்ளையின் புத்தகத்தைக் கிழிப்பது சோதனை அல்ல, பாவம். பிள்ளையைப் பிரம்பால் விளாசிவிட்டு "அவன் நல்லதுக்குத்தான்" என்பது மரத்தில் ஆழ இறங்கிய கத்தி. இவற்றைச் சகிக்கச் சொல்வது பக்தி ஆகாது. நிறுத்த வேண்டியவை இவை.

இனி, நம் தமிழர் ஒருவரின் கதைக்கு வருகிறேன். கைதட்டிய பிள்ளைகளே, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்!

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் பிறந்தார். பனைமரம் நிறைந்த பூமி. அப்பா கிராமத்துச் சபைக் குரு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். ஆனால் இறுதித் தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டது. பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார்.

இன்றைக்கு இருந்தால் நாம் என்ன கேட்டிருப்போம்? "என்னப்பா, இவ்வளவு செலவு பண்ணிப் படிக்கவச்சும் பட்டம் இல்லையா?" என்றுதான். அவர் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகப் போய் இளைஞர்களிடையே பணியாற்றினார்.

1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கேதான் அவருக்கு உண்மையான சோதனை காத்திருந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசைப் போட்டுக் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கே ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிச் சபையோ அதைவிடப் பெரியது. ஆனால் வெளியூருக்கு அது யாரை அனுப்பியது? வெள்ளைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறவர்கள் என்பதுதான் எங்கள் அடையாளமா? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. மறு ஆண்டே, 1903-இல், திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. பணமும் நம்முடையது, ஆளும் நம்மவர், நிர்வாகமும் நம்மவர் கையில். வாங்கிய கை கொடுக்கிற கையாக மாறியது.

அடுத்தவரைப் போகச் சொல்லிவிட்டுத் தான் சும்மா இருக்க அவருக்கு மனம் வரவில்லை. 1909-இல் குருப்பட்டம் பெற்று, நைஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குக் கிளம்பினார். அங்கே பேச்சு தெலுங்கு. முப்பத்தைந்து வயதில், குழந்தை மாதிரி இன்னொரு மொழியை எழுத்துக்கூட்டிப் படித்தார். மலாய் மொழிப் பாடத்தில் தடுமாறுகிற தம்பி, தங்கச்சி, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1910-இல் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர் மிகச் சிலரே. அந்தச் சபையில் அசரியா எழுந்தார். எங்களுக்காக உயிரையும் உடைமையையும் கொடுத்தீர்கள், நன்றி. ஆனால் எங்களைச் சமமாக உட்காரவைத்து நண்பராக நடத்துகிறீர்களா என்ற கருத்தில் பேசினார். பலருக்கு முகம் சுருங்கியது. நன்றியும் மறக்கவில்லை, தலையும் குனியவில்லை. தான் யார் என்று அறிந்தவனின் பேச்சு அது.

1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அதற்கும் எதிர்ப்பு இருந்தது. வெள்ளையரிடமிருந்து மட்டுமல்ல, நம்மவரிடமிருந்தும். அவர் தோர்ணக்கல்லை விட்டுப் போகவில்லை. 1945 ஜனவரி 1-ஆம் நாள் அங்கேயே இறந்தார்.

அவர் யாரிடையே உழைத்தார்? நிலமில்லாத கூலிக்காரர்கள், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள். அவர்களோடு சேர்ந்து குடியையும் கடனையும் நோயையும் அழுக்கையும் எதிர்த்துப் போராடினார். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களைத் தங்கள் தலையிலே கை வைக்கச் சொல்லி, தான் யார் என்பதையும் தன் கடமை என்ன என்பதையும் வாய்விட்டுச் சொல்லச் செய்வாராம். நினைத்துப் பாருங்கள்! தலைமுறை தலைமுறையாக மற்றவர்கள் இழிபெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு மனிதன், தன் தலையில் தன் கையை வைத்து, நான் கடவுளுக்குச் சொந்தமானவன், எனக்கு ஒரு வேலை உண்டு என்று சொல்கிறான். அடையாளமும் நோக்கமும் ஒரே மூச்சில் வந்துவிட்டன.

1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அசரியாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பட்டம் பெரிது என்று காட்ட இதைச் சொல்லவில்லை. அது வராமலே போயிருந்தாலும் தோர்ணக்கல் மக்களுக்கு அவர் அதே அசரியாதான்.

மாணவச் செல்வங்களே, பரிசு வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கோப்பை நீங்கள் யார் என்பதற்குச் சான்று அல்ல. உங்களிடம் இருப்பது யாருக்காக என்று கேட்கும் கேள்வி அது. பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். பரிசு வாங்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. தவறிய பாடத்தைத் திரும்பப் படியுங்கள், சோம்பலுக்கு இதில் இடமில்லை. ஆனால் படிக்கும்போது, நான் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள். எனக்குள்ளே பால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படியுங்கள்.

பெற்றோர்களே, அடுத்த சோதனைக்குப் பிள்ளை புறப்படும் காலையில் ஒரு காரியம் செய்யுங்கள். "நல்லா எழுதணும், தெரியுதா?" என்பதற்கு முன்னால், அதன் தலையில் கை வைத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நீ எங்க புள்ள, எங்களுக்கு உன்மேல சந்தோஷம்" என்று சொல்லி அனுப்புங்கள். புள்ளி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே. யோர்தான் ஆற்றங்கரையில் கடவுள் செய்தது அதுதான். அதைக் கேட்டுவிட்டுப் போகிற பிள்ளை எந்த வனாந்தரத்திலும் வழி தவறாது.