கோடரியைப் புதைத்த பந்தயம்



கல்லூரிப் பந்தயமென்றால் ஊணுறக்கம் மறப்பவர்கள் நாம். ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தார் நம்மையும் விஞ்சியவர்கள். அங்கே அலபாமா, ஓபேண் என்னும் இரு சர்வகலாசாலைகள் உதைபந்தாட்டத்தில் மோதும் நாளில், ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி மறு கட்சி. (பந்தைக் கையிற்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு இப்பெயர் வந்தது நமக்கு விந்தையே!)

1893இல் தொடங்கிய போட்டி, 1907க்குப்பின் 41 ஆண்டுகள் நின்றுபோயிற்று. ஆட்டக்காரரின் படிப்பணமும் மத்தியஸ்தர் நியமனமுமே பிணக்கு. எவ்வளவு அற்பம்! 1948இல் மீண்டும் ஆடுமுன், இரு மாணவர் தலைவர்களும் பேமிங்காம் நகரப் பூங்காவில் ஒரு கோடரியைக் குழிதோண்டிப் புதைத்தனர், பகையைப் புதைத்தார்களாம்.

ஆயினும், 2010இல் ஓபேண் வென்றபின், எதிர்க்கட்சி அபிமானி ஒருவன், ஓபேண் மக்கள் வெற்றி கொண்டாடும் சந்தியில் நின்ற இரண்டு ஓக் மரங்களுக்கு நஞ்சிட்டான். அலபாமாக் கட்சியினர் சிலரே வெட்கி, அம்மரங்களைக் காக்கப் பணம் திரட்டினர். மரங்கள் பிழைக்கவில்லை, 2013 ஏப்ரலில் வெட்டப்பட்டன.

அவ்வாண்டு நவம்பரில் ஆட்டம் 28–28. எஞ்சியது ஒரே விநாடி. அலபாமா உதைத்த பந்து கோலை எட்டாது வீழ, ஓபேண் வீரர் கிறிஸ் டேவிஸ் அதனை ஏந்தி, மைதானத்தின் மறுகோடிவரை ஓடியே வென்றார்! நாம் அங்கிருந்தால் கூவாதிருப்போமா? வென்றவர்கள் வழக்கம்போல் அச்சந்தியிற் கூடினர். மரங்கள்தாம் அங்கில்லை.