கைவேலையும் கைபேசியும்

(ஊராட்சி உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



குடிசைத் தொழில்களைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். குடிசைத் தொழில் என்றதும் தறியும், குயவர் சக்கரமும், தேனீப் பெட்டியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றி நம்மைவிட நன்கு அறிந்தவர்கள் காலையிலேயே பேசிவிட்டார்கள். ஆகையால் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். ஓய்வு வேளையில் மன மகிழ்ச்சிக்காகச் செய்துவந்த ஒரு கைவேலையை, கைபேசியின் வாயிலாக முன்பின் அறியாதவர்களுக்கு விற்று, அதனாலேயே ஜீவனம் நடத்த முயல்வது என்பதே அப்பொருள்.

இது பட்டணத்து விஷயம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஆரி வேலை செய்யும் பெண், பென்சிலால் உருவப்படம் வரையும் இளைஞன், களிமண்ணில் காதணி செய்யும் கல்லூரி மாணவி இல்லாத ஊராட்சி நமது வட்டாரத்தில் இப்போது அபூர்வம். 2016 ஆம் ஆண்டுக்குப் பிறகு இணைய வசதி மலிந்தது. அதே ஆண்டில் கைபேசி மூலம் பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறையும் வந்தது. இவ்விரண்டும் சேர்ந்து, கடைத்தெருவுக்கே போகாதவர்களும் கடை வைக்கக்கூடிய நிலையை உண்டாக்கிவிட்டன. இதைக் கண்டு பெரியவர்கள், 'இது வேலையா, விளையாட்டா?' என்று கேட்கிறார்கள். பிள்ளைகளோ நாளைக்கே லட்சாதிபதி ஆகிவிடுவோம் என்று நம்புகிறார்கள். இரு சாராரும் கணக்குப் பார்ப்பதில்லை என்பதே நமது எண்ணம்.

பிள்ளைகள் எடுத்துக்காட்டும் உதாரணம் பெரும்பாலும் ஒன்றுதான். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தார் 2018 இல் வயல்வெளியில் சமைத்துக் காட்டும் படங்களை யூடியூபில் வெளியிடத் தொடங்கினார்கள். 2021 இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டினார்கள். இது மெய்யான செய்தி. பெருமைப்பட வேண்டிய செய்தியும்கூட. ஆனால் பாட்டனாரும் பேரன்மாரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, ஒரு கூட்டுக் குடும்பமே செய்த உழைப்பு அது. இரவு பத்து மணிக்குமேல் தனியாக உட்கார்ந்து கூடை பின்னும் ஒருவர் தம்மை அவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தாது.

கூடை என்று சொன்னோம், அதையே எடுத்துக்கொள்வோம். ஒயர் கூடை நம் வீடுகளுக்குப் புதிதன்று. நம் தாய்மார்கள் பள்ளி நாள்களிலேயே பின்னக் கற்றவர்கள். சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய், சிவன் கண் என்று வகை வகையாகப் பின்னுவார்கள். இடையில் மறந்துபோன இக்கைவேலைக்கு அண்மைக் காலத்தில் மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டதும் அதற்கு ஓரளவு உதவியிருக்கலாம்.

நடுத்தர அளவுள்ள கூடை ஒன்றுக்கு நான்கு கட்டு ஒயர் வேண்டும் என்றும், கட்டு ஒன்று 40 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஒயருக்கு 160. அட்டைப் பெட்டிக்கும் ஒட்டும் நாடாவுக்கும் 20. கூரியர் கட்டணம் 80. ஆக 260 ரூபாய் கைச்செலவு. கூடையை 450 ரூபாய்க்கு விற்றால் 190 ரூபாய் மிஞ்சுகிறது. இதைத்தான் நம் பெண்மணிகள் இலாபம் என்கிறார்கள். ஆனால் அக்கூடையைப் பின்னப் பன்னிரண்டு மணி நேரம், அதாவது ஒன்றரை நாள் வேலை. படம் எடுப்பது, 'விலை என்ன? கடைசி விலை என்ன?' என்று கேட்போருக்கெல்லாம் பதில் எழுதுவது, பேருந்து ஏறிக் கூரியர் அலுவலகம் போய்வருவது ஆகியவற்றுக்கு இன்னும் அரை நாள். இரண்டு நாள் உழைப்புக்கு 190 ரூபாய் என்றால் நாள் ஒன்றுக்கு 95 ரூபாய் ஆகிறது. 2025-26 இல் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய் என்பது இங்குள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரியும். ஏரி வரப்பில் மண் சுமப்பவருக்கு நிர்ணயித்த கூலியில் மூன்றில் ஒரு பங்குகூட, கலை நுட்பமுள்ள இவ்வேலைக்குக் கிடைக்கவில்லை!

அந்த நாட்கூலியை எட்ட வேண்டுமானால் அதே கூடையை 932 ரூபாய்க்கு விற்க வேண்டும். நம் ஊர்ச் சந்தையில் அவ்விலை சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே விலையைக் கூட்டுவதும் கடினம். குறைப்பது தற்கொலைக்குச் சமம். பின் என்னதான் செய்வது?

நமது வட்டாரத்தில் பட்டதாரிப் பெண்மணி ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலமுள்ள குடும்பத்தின் மருமகள் அவர். தனித்தனிக் கூடையாக விற்றவரை கைக்கும் வாய்க்கும் எட்டாத வருமானமே வந்தது. ஒரு கல்யாண வீட்டார், தாம்பூலப் பைக்குப் பதிலாகச் சிறு கூடைகள் நூற்றைம்பது வேண்டும் என்று கேட்டபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கிற்று. சிறு கூடையைக் கை பழகியவர் ஒரே நாளில் மூன்று நான்கு முடித்துவிடலாம். ஒயரை மொத்தக் கடையில் வாங்கலாம். ஒரே படம், ஒரே பேச்சு, ஒரே பார்சல். பக்கத்து வீட்டுப் பெண்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு, கூடைக்கு இவ்வளவு கூலி என்று முன்கூட்டியே எழுதிவைத்துக் கொடுத்தார். ஒவ்வொருவர் கையிலும் இறுக்கம் ஒவ்வொரு விதமாக இருக்கும் என்பதால் முதல் பத்துக் கூடைகளை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தே பின்னினார்கள். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்காமல் ஒயர் வாங்குவதில்லை என்ற விதியையும் வைத்துக்கொண்டார். இவ்விதி மிக அவசியமானது. மணமக்கள் கேட்ட நிறத்தில் செய்த பண்டத்தை, அவர்கள் வேண்டாம் என்றுவிட்டால், வேறு யார் வாங்குவார்கள்?

வருமானம் பெருகியது. அதனோடு ஒரு பிரச்சினையும் வந்தது. அப்பெண்மணியின் மாமனார் ஒரு நாள் நமது அலுவலகத்துக்கு வந்தார். "ஐயா, இரண்டு ஏக்கரையும் குத்தகைக்கு விட்டுவிட்டு, தானும் இந்தக் கூடை வேலையிலேயே இறங்கிவிடப் போவதாக என் மகன் சொல்லுகிறான். மருமகள் கெட்டிக்காரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நிலத்தை விட்டால் திரும்ப ஏர் பூட்டுவானா? நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் அக்கிணற்றடியில் உழைத்தவர் அவர். அவருக்கு வெறும் சமாதானம் சொல்லி அனுப்ப நமக்கு மனம் வரவில்லை.

கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னோம். நோட்டு இல்லை, எல்லாம் கைபேசியில் இருக்கிறது என்றார்கள். மகன், மருமகள் இருவரையும் வரவழைத்து, வங்கிப் புத்தகத்தையும் கைபேசியையும் வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் மாதவாரியாக எழுதினோம். எழுதிய பின் பார்த்தால், தை, வைகாசி, ஆவணி போன்ற கல்யாண மாதங்களில் பணம் நன்றாக வந்திருக்கிறது. நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் பரிசுக் கூடைகள் போயிருக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தமிழ்நாட்டில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் ஏது! ஆனால் ஆடிதான் நமக்கு விதைப்புக் காலம். கூடைக்கு வேலையற்ற மாதத்தில் நிலம் ஆளைக் கூப்பிடுகிறது. இதை அந்த மருமகள்தான் முதலில் கவனித்துச் சொன்னார், நாம் அல்ல. நிலம் குத்தகைக்குப் போகவில்லை, கூடையும் நிற்கவில்லை. மகனுக்கு இதில் முழுத் திருப்தி என்று சொல்ல முடியாது. ஓராண்டு பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பொழுதுபோக்கு தொழிலாக மாறும்போது நேரும் இழப்பு ஒன்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஒரே நிறத்தில் நூறாவது கூடை பின்னுகிறவருக்கு அதில் என்ன ஆனந்தம் இருக்க முடியும்? வாங்குவோர் எவரும் கேளாத நிறங்களில் ஒரு கூடையைத் தமக்கென்று தனியே வைத்துப் பின்னுவதாக அப்பெண்மணி கூறினார். அது முடிய எத்தனை மாதம் ஆகும் என்றதற்கு, அவசரமில்லை என்றார்.

செய்த பொருளை விற்பதைவிடச் செய்முறையைக் காட்டிச் சம்பாதிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதன் நிபந்தனைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெற ஆயிரம் சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன் பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணி நேரம் மக்கள் நம் படங்களைப் பார்த்திருக்க வேண்டும். அல்லது குறும்படங்களைத் தொண்ணூறு நாளில் ஒரு கோடி தடவை பார்த்திருக்க வேண்டும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் நான்கு நிமிடம் பார்ப்பார் என்று கொண்டால் அறுபதாயிரம் தடவை பார்க்கப்பட வேண்டும். அதன் பின்னரே நீண்ட படங்களின் விளம்பர வருவாயில் 55 சதவீதம் நமக்கு வரும். அதுவும் நூறு டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். ஆகவே படத்தை வாடிக்கையாளரை அழைத்துவரும் தண்டோராவாகக் கொள்வது நல்லது. அதையே விளைச்சலாக நம்புவது நல்லதன்று.

மோசடிகளைப் பற்றி எச்சரிப்பது நமது கடமை. பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டும் படத்தை நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள். வங்கிக் கணக்கில் வரவு ஏறியதா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைத் தட்டச் சொல்பவர் பணம் எடுக்கவே பார்க்கிறார். 'வீட்டிலிருந்தே கைவேலை, முதலில் பதிவுக் கட்டணம் செலுத்துக' என்னும் விளம்பரங்களால் நம் சுய உதவிக் குழுப் பெண்கள் சிலர் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். நேரம் கழியக் கழியப் பணம் மீளும் வாய்ப்புக் குறைகிறது. இன்னொன்று: இணையப் பக்கம் ஒரு நாள் திடீரென்று முடங்கினால் வாடிக்கையாளர் அனைவரும் அதனோடு மறைந்துவிடுவார்கள். அவர்களுடைய தொலைபேசி எண்களை ஒரு சாதாரண நோட்டில் எழுதிவைப்பது செலவில்லாத காப்பீடு.

அரசு உதவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். 2025 இல் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைக் கைத்தொழில்களுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீதம், அதாவது அதிகபட்சம் ஐம்பதாயிரம் ரூபாய் மானியமும் அறிவிக்கப்பட்டன. தகுதி விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். மகளிர் குழுக்களின் பொருள்களுக்கு 'மதி' என்னும் வணிகப் பெயரும் உண்டு. ஆயினும் ஆறு மாதக் கணக்கு எழுதிப் பார்க்காத எவரும் மானியத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதே நமது தாழ்மையான அபிப்பிராயம். மானியம் தீர்ந்த பிறகும் தவணை தீராது.

ஊராட்சி இதில் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். நிதி ஒதுக்க வேண்டும் என்று நாம் சொல்லப்போவதில்லை. மகளிர் குழுக் கட்டடம் பல ஊர்களில் பிற்பகலில் பூட்டியே கிடக்கிறது. பொருள்களைக் கட்டி அனுப்ப வாரம் இரண்டு நாள் அதைத் திறந்துவிடலாம். ஐந்தாறு பேரின் பார்சல்களை ஒருவரே எடுத்துச் சென்றால், நாம் முன்பு சொன்ன அரை நாளில் ஒரு பகுதி மற்றவர்களுக்கு மிச்சமாகும்.

மற்றொரு காரியம் மிகச் சிறியது. யூடியூபில் வருவாய் பத்து டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்க கூகிள் நிறுவனத்திலிருந்து ஓர் இரகசிய எண் தபாலில் வரும். அக்கடிதம் வராமற்போனால் பணம் வாங்க முடியாது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் பார்சலும் அப்படித்தான். வீடு தெரியாமல் நகரத்திலேயே நின்றுவிடும். நமது வட்டாரத்தில் புதிதாக எழுந்த குடியிருப்புகள் பலவற்றில் தெருப் பெயர்ப் பலகையும் இல்லை, வீட்டு எண்ணும் இல்லை. மேலத்தெரு என்று மூன்று தெருக்களைச் சொல்லும் ஊரும் இருக்கிறது! அத்தகைய தெருக்களின் பட்டியலை ஒவ்வொரு ஊராட்சியும் இம்மாத முடிவுக்குள் நமது அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுகிறோம். வரிப் பதிவேட்டில் உள்ள எண்ணையே வாசலிலும் எழுதச் செய்தால் போதுமானது. புது எண் கொடுத்துக் குழப்ப வேண்டாம். படிவம் வெளியே மேசைமேல் இருக்கிறது.