வெள்ளம் வடிந்த வீட்டை உலர்த்தும் விதம்

(தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு கிராமக் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் கூட்டத்தில், கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஏரலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் ஜலம் வீடுகளுக்குள் புகுந்து நின்றது. மறுபடியும் ஐப்பசி வருகிறது. வெள்ளம் வரும்போது செய்ய வேண்டியவற்றைப் பற்றிப் பேசுவோர் பலர். அது வடிந்த பின் வீட்டை என்ன செய்வது என்று சொல்லுவோர் குறைவு. வீடு பழுது பார்க்கக் கடன் கேட்டு மனுக்கள் வருவதோ அப்பொழுதுதான். ஆகையால் இவ்விஷயத்தை நான் பேசுவது அதிகப் பிரசங்கித்தனமாகாது என்று நம்புகிறேன்.

ஓர் ஊரில் ஓர் அங்கத்தினர், தை மாதத்தில் மகளுக்கு விவாகம் என்பதை முன்னிட்டு, ஜலம் வடிந்த இருபதாம் நாளிலேயே சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சுப் பூசி வர்ணமும் அடித்துவிட்டார். பந்தலில் வீடு புதிதுபோல் விளங்கிற்று. ஆடி பிறப்பதற்குள் பூச்சு கையகலத் தகடுகளாகக் கழன்று விழுந்தது. கடன் தவணை மாத்திரம் கழலவில்லை. அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. சுவர் மேலே வெளுத்துவிட்டால் உலர்ந்துவிட்டது என்று எண்ணுவது சகஜம்.

சுவர் எவ்வளவு ஜலத்தைக் குடிக்கிறதென்று கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஒரு செங்கல் சுமார் 3 கிலோ எடை. ஒரு நாள் முழுவதும் நீரில் கிடந்தால் அது அரைக் கிலோ ஜலத்தைத் தாராளமாக உறிஞ்சும். பத்தடி நீளமும் பத்தடி உயரமும் ஒன்பது அங்குலக் கனமுமுள்ள ஒரு சுவரில் ஏறக்குறைய 1,000 கற்கள் இருக்கும். வெள்ளம் நான்கடி நின்றால், ஈரம் அதற்கு மேலும் ஓரடி ஏறும். ஆக, பாதிச் சுவர் நனைந்தாலும் 250 லிட்டர். அதாவது பதினைந்து லிட்டர்க் குடத்தில் பதினாறு குடத்துக்கு மேல். இவ்வளவு ஜலமும் சுவரின் உள்ளிருந்து நுண்ணிய துவாரங்கள் வழியாக மேற்பரப்புக்கு வந்து, காற்றில்தான் போயாக வேண்டும். வேறு வழி கிடையாது. குளிர்ந்த தேசங்களில் ஓர் அங்குலக் கனத்திற்கு ஒரு மாதம் என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. நம்முடைய வெயிலுக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. ஆயினும் மார்கழிப் பனியில் இருபது நாளில் ஆகிற காரியமும் அன்று.

அந்த வழியைச் சிமெண்டாலும் எண்ணெய் வர்ணத்தாலும் அடைத்துவிட்டால், ஜலம் உள்ளேயே நின்று, மண்ணிலும் கல்லிலுமுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு பூச்சின் பின்புறம் வந்து சேர்கிறது. அங்கே உப்பு உறைந்து பூச்சை வெளியே தள்ளுகிறது. சுவர் பொரிகிறது என்கிறோமே, அது இதுதான். சுண்ணாம்புப் பூச்சுக்கு இந்தத் தோஷம் குறைவு. அது ஈரத்தை வெளியே விடும். நம் முன்னோர் கட்டிய சுண்ணாம்புச் சுவர்கள் எத்தனையோ வெள்ளங்களைக் கண்டும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய வீட்டின் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துச் சிமெண்டு பூசுவது நாகரிகமென்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை.

மண்சுவர் வீடுகளின் விஷயம் வேறு; அங்கே பணம் மாத்திரமன்று, உயிரும் அடங்கியிருக்கிறது. மண்சுவர் வெள்ளத்தில் விழாமல், வடிந்த இரண்டு மூன்று நாளில் விழுவதுண்டு. அடிப்பாகம் ஊறிக் கரைந்து குடைந்துபோயிருக்கும். வெளியே வெயில் பட்ட பக்கம் சுருங்கி வெடிக்கும். மேலே கூரையின் பாரமோ குறையாது. ஆகவே தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமலும், சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுக்காமலும் ஒருவரும் அதன் அருகில் படுக்கக் கூடாது. குழந்தைகளை முக்கியமாய்ச் சொல்லுகிறேன். வீட்டுக்குள் போனால் பாய் விரிக்கும் இடம் சுவரோரம்தான். அந்தப் பழக்கத்தை ஒரு மாதம் மாற்றிக்கொள்ளுங்கள்.

உள்ளே படிந்த வண்டலை ஈரமாயிருக்கும்போதே வாரி வெளியேற்றுங்கள். காய்ந்தால் கடப்பாரை வேண்டும். சிமெண்டுப் பூச்சைத் தட்டிப் பார்த்து, பொள்ளலான சப்தம் வரும் இடங்களை, ஜலம் நின்ற அடையாளத்துக்கு ஓரடி மேல் வரையில் கொத்தி எடுத்துச் சுவரைத் திறந்து விடுங்கள். எதிரெதிரான கதவு ஜன்னல்களைப் பகலில் திறந்து வைத்து, மழை நேரத்திலும் இரவுப் பனியிலும் சாத்த வேண்டும். சுவரையொட்டிப் பெட்டி, பீரோ, நெல் மூட்டை எதையும் வைக்கலாகாது. வெள்ளையாய்ப் பூத்த உப்பை உலர்ந்த துடைப்பத்தால் தட்டி வாரி எறியுங்கள். கழுவினால் அது மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். ஊதிப்போன கதவுகளை இழைத்துவிடாதீர்கள். உலர்ந்தபின் இடைவெளி விழும். கழற்றி, நிழலில், நடுவே குச்சிகள் வைத்து அடுக்கினால் கோணாமல் காயும். மின்சாரக் கம்பிகளைத் தெரிந்தவர் சோதித்த பிறகே விசிறி போடலாம்.

சுவரைச் சீக்கிரம் காய வைக்க வேண்டுமென்று அறைக்குள் கரியடுப்பை மூட்டிக் கதவைச் சாத்துவது மகா அபாயம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்குகிறவன் எழுந்திருக்கமாட்டான்.

சுவர் உலர்ந்ததா என்று அறிய யந்திரம் அவசியமில்லை. ஓரடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஓர் இரவு விட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிடலாம். கீழ்ப்பாகத்தில் இரண்டு மூன்று இடங்களில் பார்ப்பது நலம். கடைசியாக உலர்வது அதுவே.

இதை அனுசரித்துப் பழுதுக் கடனையும் இரண்டு பங்காக வாங்கிக்கொள்வது நல்லதென்பது என் அபிப்பிராயம். முதற்பங்கு வண்டல் வாரவும், முட்டுக் கொடுக்கவும், கூரை பார்க்கவும். பூச்சுக்குரிய இரண்டாம் பங்கு, தாள் பரீட்சை தேறிய பிறகு. மொத்தமாய் வாங்கினால் அது கையில் தங்குவதில்லை; நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். தீர்மானம் செய்வது உங்கள் நிர்வாகக் குழுவின் பொறுப்பு.

சுண்ணாம்பை ஒவ்வொருவரும் தனித்தனியே கூடை கூடையாய் வாங்குவதைவிட, பத்து வீட்டார் சேர்ந்து சுட்ட கல்லாகவே தருவித்து இங்கேயே நீற்றிக்கொண்டால் சரக்கும் சுத்தமாயிருக்கும், விலையும் சகாயமாகும். நீற்றுகிறபோது கொதிக்கும்; குழந்தைகளை அண்டவிடாதீர்கள். சேர விரும்புகிறவர்கள், சுவரின் நீளம் உயரங்களை அளந்து, இந்த வாரத்திற்குள் சங்கக் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.