வற்றுவதும் தூர்ந்துபோவதும்

(தவக்காலத் தியானத்தின் முதல் நாள் மாலை பங்குமக்களுக்கு ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டை முன்னிட்டுக் கோயிலுக்கு வெள்ளையடித்துவிட்டோம். கோபுரத்துக்குப் புது விளக்குகளும் வந்துவிட்டன. எல்லாம் நல்லதே. ஆனால் இன்று மாலை நாம் பேச நினைத்திருப்பது கோயிலைப் பற்றியன்று, குளத்தைப் பற்றி.

நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்களுக்குக் குளத்தைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. ஐப்பசி மழைக்குப் பின் கரையில் நின்று பார்த்தால் குளம் தளும்பி நிற்கும். ஆகாயத்தாமரை பச்சைப்பசேலென்று மூடிக்கிடக்கும். மறுகாலும் பாயும். ஆனால் தை பிறந்ததும் கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் எட்டாது. உள்ளே இடுப்பளவு வண்டல்! கும்பப்பூ அறுப்பு முடிந்து, அணை அடைத்து, குளம் வற்றித் தரை வெடிக்கும்போதுதான் அது கண்ணுக்குத் தெரியும். வெட்டி எடுக்கவும் அப்போதுதான் முடியும். தவக்காலம் நமக்கு வருவதும் அதே மாசி, பங்குனியில்தான்.

ஞாயிறு பூசை தவறுவதில்லை, திருவிழாவுக்கு வரி கொடுக்கிறோம், செபமாலை கையில் உருளுகிறது. ஆனாலும் உள்ளே ஒன்றும் அசைவதில்லை. இந்தத் தேக்கம் நமக்கு மட்டும் வந்த வியாதியன்று. நான்காம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில் தவம் செய்த எவாகிரியுஸ் என்னும் துறவி இதற்கு நண்பகல் பேய் என்று பெயரிட்டார். சூரியன் நகரவே இல்லையோ என்று தோன்றுமாம். யாராவது வருகிறார்களா என்று துறவி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாராம். (நமக்கு நண்பகல் வரை ஆகவேண்டாம், பிரசங்கம் தொடங்கினால் போதும்!) அவர் சொன்ன மருந்து, அறையை விட்டு ஓடாதே என்பதே.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். வற்றுவது வேறு, தூர்ந்துபோவது வேறு. கல்கத்தா அன்னை தெரசா ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் செபத்தில் ஆறுதலே காணாமல் இருந்தார் என்பதை, 2007-இல் வெளியான அவருடைய கடிதங்கள் காட்டின. அவர் வற்றினார், தூர்ந்துபோகவில்லை. ஏழையைத் தூக்கிய கையை அவர் விடவேயில்லை. நாமோ ஒரு தவக்காலத்தில் மூன்று பங்குகளில் தியானம் கொடுத்துவிட்டு, அந்த நாற்பது நாளில் ஒருநாள்கூட மனதாரச் செபிக்கவில்லை என்பதை உயிர்ப்பு ஞாயிறன்று இரவுதான் உணர்ந்தோம். அது வறட்சியன்று, வண்டல். அதை உங்களிடம் மறைத்துப் பயனில்லை.

1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி தவக்காலத்தில் ஞாயிறு தவிர எல்லா நாளும் ஒருசந்தி. 1966-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அந்தக் கடமையை விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்குமாகக் குறைத்தார். குறைத்த இடத்தைச் செபத்தாலும் பிறரன்பாலும் நிரப்பச் சொன்னார். நாம் குறைத்ததை உடனே ஏற்றுக்கொண்டோம். நம் பாட்டிமார் பலர் சட்டம் மாறிய பிறகும் ஒருசந்தியை விடவில்லை. அந்த மிச்சக் கஞ்சி பக்கத்து வீட்டுக்குப் போனதையும் பார்த்திருக்கிறோம்.

நம் மண்ணின் புனிதரைப் பாருங்கள். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை அரண்மனை அலுவலர். குறையில்லாத வாழ்வு. பிறகு மாடுகள் மடிந்தன, விளைச்சல் போயிற்று, மனம் உடைந்தார். வற்றிப்போன அந்த வேளையில்தான், 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றார். நான்கே ஆண்டுகளில் விலங்கு. சுமார் மூன்று ஆண்டு சித்திரவதை. ஓடிப்போகவுமில்லை, பின்வாங்கவுமில்லை. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்து முழங்கையால் பாறையை இடித்தபோது தண்ணீர் சுரந்ததென்று நம் முன்னோர் சொல்லி வந்திருக்கிறார்கள். முட்டிடிச்சான் பாறைக்குப் போய் அந்தத் தண்ணீரைக் குடிக்காதவர் இங்கே யார்? 1752 சனவரி 14-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு வருகிறோம், சரி. ஆனால் வரப்புத் தகராறில் ஆறு வருடமாகப் பேசாத அண்ணனும் தம்பியும் ஒரே பூசையில், ஒரே வரிசையில் நன்மை வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு வாசலால் வெளியே போகிறார்களே! பெயர் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். அந்த வண்டலை அப்படியே வைத்துக்கொண்டு நாற்பது நாள் மீனை நிறுத்துவதால் குளத்தின் ஆழம் ஒரு விரற்கடையாவது கூடுமா? ஒரே நாளில் குளம் முழுவதையும் வெட்டச் சொல்லவில்லை. இந்த வாரம் ஒரு கூடை. அவர் வீட்டு நடையில் ஏறி, "அண்ணே, சுகமா?" என்று கேட்பதுகூட ஒரு கூடைதான்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு முன் ஐந்து மணி முதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்போம். அதற்கு முந்தின நாள், நாமும் நம் கூடையைச் சுமந்துகொண்டு பக்கத்துப் பங்குச் சாமியாரிடம் போய்வருகிறோம்.