கியரை மெதுவா போட்டா தேயாதா?

இன்னைக்கு பைக் கியர்பாக்ஸ் பத்திப் பேசலாம்.

என்னோட பழைய 150 சிசி பைக்ல செகண்ட் கியர் போட்டு முறுக்கினா, 'டக்'னு எகிறி நியூட்ரலுக்கு வந்துடும். சிக்னல்ல பின்னாடி பஸ் வரும்போது இப்படி ஆனா எப்படி இருக்கும்? கடைசில இன்ஜினையே பிரிக்க வேண்டியதாயிடுச்சு. பார்த்தா, கியரோட பல்லெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. தேய்ஞ்சது வேற இடம்.

பைக் கியர்பாக்ஸ்ல கியர்கள் எப்பவும் ஜோடி ஜோடியா கோத்துக்கிட்டேதான் சுத்தும். நாம லீவரை மிதிச்சா, உள்ளே இருக்கும் ஷிஃப்ட் ஃபோர்க் ஒரு கியரைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தக் கியரின் பக்கத்தில் துருத்திக்கிட்டு இருக்கும் முட்டுகள், அடுத்த கியரின் குழிகளில் போய் உட்காரும். இந்த முட்டுக்குப் பேர் 'டாக்'. மேனுவல் கார்ல ரெண்டு பக்க வேகத்தையும் சமப்படுத்த சிங்க்ரோமெஷ் இருக்கு. பைக்ல பொதுவா அது கிடையாது. அதனால டாக் சட்டுனு, முழுசா உட்காரணும். தயங்கித் தயங்கி மிதிச்சா முனையோட முனை மோதி, மூலை மழுங்கிடும். அப்புறம் லோடு ஏறும்போது வழுக்கி வெளியே வந்துடும்.

கியருக்கு நோகக் கூடாதுன்னு நான் பூப்போல மிதிச்சேன். அதுதான் வினையாச்சு.

சரி, எப்படிப் போடணும்? ஆக்ஸிலரேட்டரைக் குறைச்சு, கிளட்ச் பிடிச்சு, லீவரை ஒரே அழுத்தா கடைசி வரைக்கும் கொண்டு போங்க. உதைக்க வேண்டாம், உறுதியா மிதிச்சா போதும். கிளட்சை விட்டு கியர் பிடிச்ச பிறகு காலை எடுத்துடுங்க. சிலர் லீவர் மேலேயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுவாங்க. அந்த அழுத்தத்துல ஃபோர்க், சுத்துற கியரோட உரசிக்கிட்டே இருக்கும். அதுவும் தேய்மானம்தான். கியர் இறக்கும்போது வேகம் குறையக் குறைய, ஒவ்வொண்ணா இறக்குங்க.

இன்னொண்ணு, ஆயில். பெரும்பாலான பைக்ல இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூணுக்கும் ஒரே ஆயில்தான். டப்பாவில் 'எம்ஏ' அல்லது 'எம்ஏ2'ன்னு இருக்கான்னு பாருங்க. 'எம்பி' ஸ்கூட்டருக்கானது, பைக்ல ஊத்தினா கிளட்ச் வழுக்கலாம்.

கியர் எகிற ஆரம்பிச்சா, 'அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்'னு விடாதீங்க. ஒவ்வொரு எகிறலும் அந்த மூலையை இன்னும் கொஞ்சம் மழுக்கும். பத்திரமா ஓட்டுங்க, அடுத்த எபிசோடில் சந்திப்போம்!