புகார் ஏடு பூட்டிக் கிடக்கலாமா?



காவலரால் அடிபட்டவர் புகார் எழுதிக் கொடுக்கிறார். அந்தப் புகார் பிறகு எங்கே போகிறது? அமெரிக்காவின் சிகாகோ நகரில் இக்கேள்விக்குக் கிடைத்த விடையை இன்று எண்ணிப் பார்ப்போம். அங்குள்ள கறுப்பின மக்கள் நமக்கு அயலார் அல்லர். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பாந்தர் இயக்கம் தன் பெயரை அவர்களுடைய இயக்கத்தைப் பின்பற்றியே சூட்டிக்கொண்டது.

2014 அக்டோபர் 20 இரவு, லக்வான் மெக்டொனால்டு என்னும் 17 வயதுக் கறுப்பின இளைஞனை ஒரு காவலர் 16 முறை சுட்டுக் கொன்றார். அவன் கத்தியுடன் தாக்க வந்தான் என்றனர் காவல் துறையினர். காவல் வண்டியிலிருந்த படக்கருவியோ, அவன் விலகி நடந்ததைப் பதிவு செய்திருந்தது. 2015 ஏப்ரலில், வழக்குத் தொடுக்கப்படும் முன்பே, குடும்பத்தாருக்கு 50 இலட்சம் டாலர் தர மாநகராட்சி இசைந்தது. படம் மட்டும் வெளிவரவில்லை. நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே 2015 நவம்பர் 24இல் வெளிவந்தது. அன்றே அக்காவலர்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. 2018இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

அவர்மீது முன்னரே ஏறக்குறைய இருபது புகார்கள் இருந்தன. அத்துமீறியதாக அவர்மீதும் உடனிருந்த காவலர்மீதும் தொடுக்கப்பட்ட வழக்கொன்றில் 3,50,000 டாலர் இழப்பீடும் தீர்ப்பாகியிருந்தது. ஆயினும் அவர் பணியில் நீடித்தார்.

ஜேமி கால்வென் என்னும் பத்திரிகையாளர் வழக்காடியதன் பயனாக, இத்தகைய புகார்க் கோப்புகள் பொது ஆவணங்களே என 2014 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் அவை தொகுக்கப்பட்டு எவரும் காணுமாறு வெளியிடப்பட்டன. ஒரு புகார் மட்டுமே குற்றத்தை மெய்ப்பித்துவிடாது. ஆனால் பல புகார்களை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒருவருடைய நடத்தை புலப்படும்.

கோப்பைத் திறக்க வேண்டுமானால், முதலில் கோப்பு இருக்க வேண்டும். நம் நாட்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 4ஆம் பிரிவு, 2016 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, நாம் வாய்மொழியாகச் சொல்வதை எழுதி, படித்துக்காட்டி, கையொப்பம் பெற்று, படி தருவதை அலுவலரின் கடமையாக்கியுள்ளது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அலுவலர் வேண்டுமென்றே அதனைப் புறக்கணித்தால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

இளைஞர்களே! இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் எழுத்தறிவு தந்தது தேர்வு எழுதுவதற்கு மட்டுமன்று. ஊர்தோறும் இருவர், எழுதத் தெரியாத நம் மக்களுக்குத் துணையாகக் காவல் நிலையம் வரை செல்லுங்கள். படி பெறாமல் திரும்பாதீர்கள். நாளும் எண்ணும் குறித்து அப்படியைக் காத்து வைப்போம். நாளை நீதி கேட்கும்போது நம் கையில் அது இருக்கட்டும்.