போலவும் மாதிரியும்: ஜப்பானிய உவமைகளைத் தமிழ்வழி கற்பித்தல்
(கருத்தரங்கத் தலைமை உரை)



ஜப்பான் நாட்டு வானிலை நிறுவனம் மழையின் வேகத்தைப் பொதுமக்களுக்குச் சொல்ல ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. மணிக்கு 30 முதல் 50 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது வாளியைக் கவிழ்த்தாற்போன்ற மழை. 50 முதல் 80 வரை அருவி போல் கொட்டும் மழை. 80-ஐத் தாண்டினால் மூச்சு முட்டுவது போன்ற அழுத்தம், அச்சம். மில்லிமீட்டர் கணக்கு மட்டும் மக்களுக்குப் போதாது என்று ஓர் அரசு நிறுவனமே உவமையைத் துணைக்கு அழைக்கிறது. உவமை கவிஞர்களின் அணிகலன், இலக்கணம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வகுப்பில் தள்ளிவைப்பவர்கள் இந்த அட்டவணையை ஒருமுறை பார்க்க வேண்டும். அன்றாடச் செய்தியைப் புரிந்துகொள்ளவே உவமை இலக்கணம் தேவைப்படுகிறது.

ஜப்பானியம் கற்கும் தமிழ் மாணவர் இந்த உவமை இலக்கணத்துக்கு இடைநிலையில் வந்து சேர்கிறார். 'யோ தா', 'மிதாய் தா', 'ரஷீ', 'ஹொதோ' என்ற ஒப்புமைச் சொற்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வந்து விழுகின்றன. பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கில விளக்கத்தைத் தமிழில் எண்ணிப்பார்த்து, அதை மறுபடி ஜப்பானியத்துக்குக் கொண்டுபோகிறார். இந்தச் சுற்றுவழி தேவையே இல்லை என்பதுதான் இன்று நான் இங்கே அழுத்திச் சொல்ல வந்தது.

'யோ' மூன்று வடிவில் வருகிறது. பெயருக்கு முன் 'யோ நா', வினைக்கு முன் 'யோ நி', வாக்கிய முடிவில் 'யோ தா'. நம்மிடம் போன்ற, போல, போன்றது. பெயரெச்சம், வினையெச்சம், முற்று என்று பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? 'யோ' சற்று முறையானது. 'மிதாய்' பேச்சுக்கு உரியது. நமக்குப் போல, மாதிரி. பழைய இலக்கிய நடைக்கு அவர்களிடம் 'கொதோஷி' உண்டு. ஹெய்கே காவியத்தின் தொடக்கப் பகுதியிலேயே அந்த உருபு ஒலிக்கிறது. நமக்கு அன்ன, புரைய, கடுப்ப. உவமைக்கென்று தனி இயலே வகுத்தது தொல்காப்பியம். அந்த மரபில் வந்த மாணவரிடம் உவம உருபு என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயருக்கும் 'யோ'வுக்கும் இடையில் 'நோ' வரும். 'மிதாய்' பெயரோடு நேராக ஒட்டும். 'யுமே நோ யோ தா', 'யுமே மிதாய் தா'. இரண்டும் கனவு போலத்தான். இதைக் கலந்து எழுதாத மாணவரைக் காண்பது அரிது.

இனி வளமான இடத்துக்கு வருகிறேன். 'யோ தா' உவமையையும் சொல்லும், ஊகத்தையும் சொல்லும். 'அநோ ஹிதோ வா நிஹோன்ஜின் நோ யோ தா' என்றால் அவர் ஜப்பானியராக இருக்கலாம் என்ற ஊகமா, ஜப்பானியர் அல்லாத ஒருவரை ஜப்பானியரோடு ஒப்பிடுவதா? வாக்கியம் மட்டும் அதைச் சொல்லாது. நமது 'போல'வுக்கும் இதே இரட்டை வேலை உண்டு. ஆனால் தமிழ் வினைமுற்று உதவிக்கு வருகிறது. 'அவர் ஜப்பானியரைப் போல இருக்கிறார்' என்பது ஒப்புமை. 'அவர் ஜப்பானியர் போலிருக்கிறது' என்பது ஊகம். திணை, பால் காட்டும் விகுதி ஜப்பானிய வினைக்கு இல்லை. அதனால்தான் அங்கே 'மாருதே' வேண்டியிருக்கிறது. அது வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்து, வரப்போவது உவமை என்று கேட்பவரை ஆயத்தப்படுத்துகிறது. 'ஏதோ நேரில் பார்த்தவர் போலப் பேசுகிறார்' என்பதில் நம்முடைய 'ஏதோ' செய்யும் வேலையும் ஏறக்குறைய அதுவே. உண்மையில்லை என்பதை இன்னும் அழுத்த, 'கா நோ யோ நி' என்ற வடிவம் கூட வரும். இந்த ஒப்பீட்டை ஆங்கில வழியில் சுற்றி விளக்கத் தேவையில்லை. தமிழில் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும்.

காலம் காட்டுவதிலும் ஒற்றுமை உண்டு. வாளி மழையில் வினை இறந்தகாலம்: கவிழ்த்தது போல. 'ஹொதோ'வோடு வரும் 'ஷினு' இறந்தகாலம் அன்று: சாகிற அளவுக்குக் களைப்பு. 'ஹொதோ'வை நம் 'அளவு' என்றே சொல்லிக்கொடுக்கலாம். ஜப்பானியர் சிறு தோட்டத்தைப் பூனையின் நெற்றியளவு என்பார்கள். நாம் கையளவு நிலம் என்கிறோம்.

தமிழ் கைவிடும் இடம் 'ரஷீ'. 'ஹாரு நோ யோ நா' என்பது குளிர்காலத்தில் ஒரு நாள் வசந்தம் போல வெதுவெதுப்பாக இருந்தால் சொல்வது. 'ஹாரு ரஷீ' வசந்தத்திலேயே சொல்வது. வசந்தத்துக்கே உரிய இயல்பு அந்த நாளில் நிறைந்திருக்கிறது என்று பொருள். இங்கே 'போல' என்று மொழிபெயர்த்தால் மாணவர் தவறிவிடுவார். 'உரிய' என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். 'கொதோமோ ரஷீ' குழந்தைக்கே உரிய அழகு. 'கொதோமோப்போய்' குழந்தைத்தனம், பெரியவரைப் பார்த்துச் சொன்னால் குறை. அலுவலகத்தில் இதை மாற்றிச் சொன்னால் மனம் புண்படும்.

ஜப்பானிய அறிஞர் ஒனோ சுசுமு தமிழ், ஜப்பானியம் ஆகிய இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று பல்லாண்டுகள் வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நானும் இங்கே அதற்குள் போகவில்லை. உறவு நிறுவப்படாவிட்டாலும் அமைப்பொற்றுமை கண்முன் இருக்கிறது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஜப்பானிய நிறுவனங்களில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

இந்த இரண்டு நாளில் கட்டுரை படிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஜப்பானிய எடுத்துக்காட்டுக்கும் பக்கத்தில் உங்கள் ஊர்ப் பேச்சிலிருந்து ஒரு தமிழ் வாக்கியத்தையும், தமிழ் ஒத்துவராத இடத்தில் ஏன் ஒத்துவரவில்லை என்ற குறிப்பையும் எழுதிக் கொடுங்கள். இடைநிலை மாணவருக்கான தமிழ்வழி ஜப்பானிய இலக்கண நூலை அவற்றிலிருந்து நாம் சேர்ந்து எழுதத் தொடங்குவோம்.